மலர் பேச்சை நிறுத்திய தேதி

"பிறவிக் குறைபாட்டுக்கான சிகிச்சை இந்தக் காப்பீட்டில் அடங்காது." காப்பீட்டு நிறுவனம் 2007 செப்டம்பர் 11 தேதியிட்டு அனுப்பிய கடிதத்தின் இரண்டாவது வரி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். குறைபாடு ஆட்டிசம். எங்கள் மகள் மலருக்கு அப்போது நாலரை வயது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும்: மராத்தி பேசும் நகரத்தில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டுக்குள் நாங்கள் தமிழை ரகசியமாகப் பேசுகிறோம். குழந்தையின் காதில் ஒரே மொழிதான் விழவேண்டும், அது பள்ளியின் மொழியாக இருக்கட்டும் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லிவிட்டார். ஆகவே மலரிடம் மராத்தி. நானும் மனைவி செல்வியும் சண்டை போடுவதென்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நாகர்கோவில் தமிழில் போட்டுக்கொள்கிறோம்.

பிறவிக் குறைபாடு இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இருந்தது. மலர் பிறந்த நாள்முதல் நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். முதல் பல், முதல் அடி, 'அம்மா', 'காக்கா', 'அப்பா', எல்லாம் தேதியுடன். பேசிய குழந்தை பேச்சை இழந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆங்கிலத்தில் பெயர்த்து, பக்க எண் போட்டு, நான் வேலைபார்க்கும் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காப்பீட்டு அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன்.

அதிகாரி பொறுமையாகவே படித்தார். தென்னாட்டுக்காரர் யாராக இருந்தாலும் இங்கே அண்ணாதான்.

"அரே அண்ணா, க்யா ரிக்கார்டு ரக்கா ஹை! எங்க ஆபீஸ்லயே இப்படி ஒரு ஃபைல் கிடையாது" என்று இந்தியில் மெச்சினார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "2005 ஜனவரி 23. 'இன்றோடு எல்லாச் சொற்களும் நின்றுவிட்டன.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"சரி, பிறவி இல்லை. ஒத்துக்கறேன். ஆனா பாலிசி ஆரம்பிச்சது அந்த வருஷம் ஜூன் ஒண்ணாம் தேதி. அதுக்கு முன்னாடியே வந்த நோய். நீங்களே சொல்லிட்டீங்க."

அமெரிக்காவிலிருக்கும் செல்வியின் அண்ணன் ஏற்கெனவே எழுதியிருந்தார்: "மாப்ள, எங்க மாநிலத்துல சட்டமே போட்டுட்டான். ஆட்டிசம்னா கம்பெனிக்காரன் குடுத்தே ஆகணும்." அந்தச் சட்டத்தின் நகலையும் நீட்டினேன். அதிகாரி தொடவில்லை. "படியா கானூன் ஹை, நல்ல சட்டம்தான். அங்கே போய் இருங்க." கிண்டலா, உண்மையான யோசனையா தெரியவில்லை. பிழைக்க ஒருமுறை ஊர் மாறிவந்தவனிடம் அதைச் சொல்வது எளிது. ஒரே நோய்தான். ஒரு மண்ணில் அதற்குச் சட்டம் இருக்கிறது, இன்னொரு மண்ணில் என் கையெழுத்தே எனக்கு எதிர்சாட்சி.

வீட்டில் குழாய் திறந்தது.

"ஊர்ல எல்லாரும் மறைச்சு வைப்பாவ. நீங்க நகல் எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கிய" என்றாள் செல்வி. கொஞ்சநேரம் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுச் சொன்னாள்: "அதுவும் தப்பான தேதி."

"என்ன தப்பு?"

"அதே வருசம் ஜூலையில ஒருநா பெருமளை. நீங்க கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுனிய. மலர் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு 'அப்பா'ன்னா. நீங்க திரும்பிப் பாக்கல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க எளுதி வச்சாத்தான் நடந்ததா?"

ஜூலை என்றால் பாலிசி தொடங்கிய பிறகு. அப்படியானால் அதிகாரி விரல்வைத்த வரி பிழை. ஆனால் அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது மழையும் பஸ் தாமதமும் மட்டுமே. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது, அனுப்பவில்லை. என் காதில் விழாத சொல்லுக்கு, சாட்சி என்று எழுதவேண்டிய இடத்தில் என்னால் எதுவும் எழுத முடியவில்லை.

இப்போது காலையில் பஸ் ஏறுமுன் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறேன். மலர் கம்பியைப் பிடித்து நிற்கிறாள். சில நாட்களில் "பாபா, பஸ்" என்கிறாள். மராத்தியில் அப்பாவுக்குப் பாபா. நான் மராத்தியில் பதில் சொல்லிக் கையசைத்துவிட்டு, அவள் இன்னொன்று சொல்வாளோ என்று ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை நிற்கிறேன்.

2005 ஜூலையில் அவள் 'அப்பா' என்றது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.