விரிசல் விட்ட ஹேண்டில்பாரும் என் மனுவும்

வண்டியின் அமைப்பை மாற்றுமுன் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. என் பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் விரிசல் விட்டபோது அதே மாடல் கிடைக்கவில்லை. மெக்கானிக் சற்று உயரமான வேறொன்றைக் காட்டினார்.

"அனுமதி வரட்டும்பா," என்றேன்.

"கம்பி உங்க லெட்டருக்குக் காத்திருக்காதுங்க சார். அதுவரைக்கும் வீட்டம்மாவப் பின்னால ஏத்தாதீங்க."

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு மனு அனுப்பினேன். மனைவியையும் ஏற்றினேன்.

பாப்பாரப்பட்டி சாலைத் திருப்பத்தில், எதிரே லாரி வரும்போது, ஹேண்டில்பாரின் ஒரு பாதி முறிந்து என் கையோடு வந்தது. விழுந்த எங்களுக்கு ஒரு முழம் முன்னால் லாரி நின்றது. அவள் மணிக்கட்டு முறிந்திருந்தது.

"பின்னால ஒக்காந்திருக்கறவளுக்கு உங்க விதியில என்னங்க எழுதியிருக்கு?" என்றாள்.

எல்லா விதியும் தெரிந்த நான், கையோடு வந்த பாதி ஹேண்டில்பாரைக் கீழே போட்டேன்.

'இதற்கு அனுமதி தேவையில்லை' என்ற பதில், அவள் மாவுக்கட்டைப் பிரித்த ஆடிப்பெருக்கன்று வந்து சேர்ந்தது.