நான் வரைந்த சைக்கிள் வழி

என் கணவரும் அவரோடு வேலை பார்த்த ஆசிரியர்களும் ஞாயிறுதோறும் ஜவ்வாது மலையில் சைக்கிளில் சுற்றுவார்கள். வழியைப் படமாக வரைந்து கொடுப்பது நான். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் நடந்து நடந்து, அந்த மலையில் எங்கள் நெல்லிவாசல்நாட்டின் மேடெல்லாம் என் காலுக்குத் தெரியும்.

ஒருநாள் நான் காபி கொடுக்கும்போது, "இன்னாப்பா, படத்துல ஏத்தம், தண்ணி எல்லாம் கரெக்டா போட்டுக்கீறே!" என்று இவரிடம் சொன்னார், கூட வரும் ஆசிரியர் ஒருவர்.

"நம்ம மலை, எனக்குத் தெரியாதா?" என்றார் இவர்.

அடுத்த வாரப் படத்தில் பெரிய மேடு ஒன்றை வேண்டுமென்றே குறிக்காமல் விட்டேன். அவர் கிளம்பியதும் பயம் வந்துவிட்டது. விழுந்துவிட்டால்? பகலெல்லாம் வாசலிலேயே நின்றேன்.

மாலையில் கால் வீங்கித் திரும்பியவர் கத்தினார்: "அந்த மேட்ட ஏன் போடல? எல்லாரும் என்னியே கேட்டாங்க. படம் போட்டது என் சம்சாரம்னு சொல்லிட்டேன்."

அன்றுதான் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறார்.