ஊசி போடும் அண்ணியின் வாள்

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைதான் அண்ணியின் உலகம். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் அவள் கை பட்டால் அடங்கிவிடும். கணவன் கண்ணை மூடிய பிறகு, வேலை விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் சாத்திய அறைக்கதவு என்று அவள் வாழ்க்கை சுருங்கிப்போயிற்று. அந்தக் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்த நாத்தனார், ஒருநாள் அவளைத் தரதரவென்று தான் கற்றுவரும் வாள்வீச்சு வகுப்புக்கு இழுத்துவந்தாள்.

"இந்த வயசுல எனக்கு வாள் ஒரு கேடா?"

"வீட்டுல என்னைத் திட்டுறதுக்குப் பதிலா இங்க வந்து நாலு குத்து குத்துங்க அண்ணி!"

வெள்ளை அங்கி, கம்பிவலை முகமூடி, நுனி மழுங்கிய மெல்லிய வாள். நிற்பதையும் முன்னேறுவதையும் அண்ணி சீக்கிரமே கற்றுக்கொண்டாள். குத்துவதில்தான் வந்தது வினை. வாளை நீட்டுமுன், ஊசி போட்ட பழக்கத்தில், "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிடுவாள். எதிரில் நிற்பவர் சிரித்துக்கொண்டே வாளைத் தட்டிவிடுவார்.

"ஏம்மா, யாராவது தந்தி குடுத்துட்டுக் குத்துவாங்களா?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு குத்துகூட விழாமல் வாரங்கள் ஓடின. "இன்னைக்கும் விழலேன்னா இதோட சரி. என்னை என் பாட்டுக்கு விட்டுடு" என்று நாத்தனாரிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள் அண்ணி. மறுபடியும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளுமே என்று நாத்தனாருக்கு நெஞ்சு பதைத்தது.

அன்று மாஸ்டர் அவர்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"எறும்பு கடிச்ச மாதிரி..." அண்ணியின் வாள் நீண்டது. நாத்தனார் அசையவே இல்லை. வாள் நுனி நெஞ்சில் பட்டு, குத்து விழுந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணி முகமூடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சில்ல? ஏன் தடுக்கல?"

"அது வந்து... அண்ணி..."

"ஊரே என்னைப் பாவம்னு பாக்குது. நீயுமாடி?"

நாத்தனாரின் முகமூடிக்குள் கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட வழியில்லை. "தப்புதான் அண்ணி. போடுங்க முகமூடியை. இனிமே விடமாட்டேன்."

விடவில்லை. நெஞ்சிலும் விலாவிலும் மாறி மாறிக் குத்தினாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து பார்த்தாள், ஒன்றுகூடப் படவில்லை. ஆட்டம் முடிந்தபோது அவளுக்கு மூச்சிரைத்தது.

நாத்தனார் பயந்து பயந்து அருகே வந்தாள். "வலிக்குதா அண்ணி?"

"வலிக்காம? மாடு மாதிரி முட்டிட்டுக் கேள்வி வேற!" என்ற அண்ணி, எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியே மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கும் எனக்கு இவளையே நிறுத்துங்க மாஸ்டர். ஒரு கை பாத்துடறேன்."