ஓரத்தில் நின்றவர்களை எழுதி வைத்தவள்

சேகரிடமிருந்து போன் வந்தபோது நான் பிரிஞ்சாங் சந்தையில் கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவிக்கு ஏதாவது வாங்கிவரச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே நான் பேசத் தொடங்கிவிட்டேன். "சேகர், தனாகிட்ட சொல்லுங்க, அந்தக் கல்யாண வீடியோ நாலு துண்டா நிக்குது, ஒட்டவே மாட்டேங்குது. அவ வந்துதான் பாக்கணும்." அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "டீச்சர், தனா போய்ட்டா டீச்சர். காலைல அஞ்சரைக்கு." கையிலிருந்த கோஸைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேனா, கீழே போட்டேனா, எனக்கு ஞாபகமில்லை.

இந்த மலையில் உங்களில் பலருக்கு அவள் 'வீடியோ தனா'. தனலட்சுமி என்ற முழுப்பெயரை அவள் சாவு அறிவிப்பில்தான் சிலர் முதல்முறையாகப் படித்தீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. சேகர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே இறங்கும் லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, பதினாறாம் நாள் என்று எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தும், மற்றவர்கள் எடுத்ததைச் சேர்த்தும் ஒட்டித் தருவது அவள்தான். வயது நாற்பத்து மூன்று. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். 'அவள் நிம்மதி அடைந்தாள்' என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் பழக்கம் ஓர் அவமானத்தில் தொடங்கியது. ஈப்போவிலிருந்து மாற்றலாகி இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்த முதல் வருடம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பிரியாவிடைக்கு ஒரு வீடியோ செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். பெற்றோர்கள் ஆளுக்கொரு போனில் எடுத்ததை அனுப்பினார்கள். சிலது நெட்டுக்குத்தாக, சிலது அகலமாக, சிலது தீப்பெட்டி அளவில். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு ஒட்டச் சொன்னேன். கணினியும் சொன்னபடி ஒட்டியது. முதல் துண்டு என்ன அளவோ, அந்த அளவுக்கே மற்ற எல்லாவற்றையும் இழுத்துவிட்டது. தோட்டத்து டேவானில், கூட்டம் நிறைந்த அந்தப் பொது மண்டபத்தில், அது திரையில் ஓடியபோது பிள்ளைகளெல்லாம் பூசணிக்காயாகத் தெரிந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டே வெளியே ஓடினாள். நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் தனா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஆளுங்கள இழுக்கக் கூடாது லா. அளவு வேற வேறயா இருந்தா மொதல்ல எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டாரணும். அப்பறம்தான் ஒட்டணும்."

"தெரிஞ்சவங்க முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க கேக்கலியே" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வேலை செய்யும் விதம் முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. எடுத்தவுடன் கணினியைத் தொடமாட்டாள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். வந்த ஒவ்வொரு துண்டையும் ஓடவிட்டு, யார் அனுப்பியது, அகலம் எத்தனை, உயரம் எத்தனை என்று எழுதுவாள். அதன் கீழே, இடது ஓரத்தில் நிற்பவர் யார், வலது ஓரத்தில் நிற்பவர் யார் என்று பெயரோடு குறிப்பாள். தெரியாத முகமென்றால் போன் போட்டு விசாரிப்பாள். "எதுக்கு தனா இந்தக் கணக்கெழுதற கிராணி வேலை?" என்று ஒரு நாள் கேட்டேன். "நடுவுல நிக்கறவங்கள யாரும் வெட்ட மாட்டாங்க டீச்சர். ஓரத்துல நிக்கறவங்களத்தான் வெட்டுவாங்க. பேரு தெரிஞ்சிட்டா வெட்டக் கை வராது" என்றாள். திரையை நிரப்புவதற்காக அவள் யாரையும் வெட்டியதில்லை. அளவு ஒத்துவராவிட்டால் பக்கங்களைக் கறுப்பாக விட்டுவிடுவாள். சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கவும் சம்மதிக்கமாட்டாள். "பெரிசாக்கினா மூஞ்சி கரைஞ்சிரும். சின்னதா இருந்தாலும் மூஞ்சி மூஞ்சியா இருக்கணும்" என்பாள்.

நம் தோட்டங்களில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும், டேவானில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இறந்தவரின் வீடியோவைப் போடுவது வழக்கம். பழைய கங்காணி ஒருவரின் பதினாறாம் நாளுக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த மூத்த மகன், விலை உயர்ந்த போனில் எடுத்த படத்தைக் கொடுத்தார். அப்பாவின் மீசை முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவோடு இருந்த மகள் கொடுத்தது பழைய போனில் எடுத்தது, புள்ளி புள்ளியாக இருந்தது. "தங்கச்சியோடது கிளியரா இல்ல, எடுத்திருங்க. என்னோடத முழுசா போடுங்க" என்றார் மகன். தனா நிமிராமலேயே கேட்டாள்: "அண்ணே, பெரிய போன் வச்சிருக்கறவங்க மட்டும்தான் அப்பாவப் பாத்துக்கிட்டாங்களா?" அவர் முகம் சுண்டிவிட்டது. இரண்டையும்தான் போட்டாள். அந்தப் புள்ளிப் படத்தில் கங்காணி மகள் கையால் கஞ்சி குடித்தபடி, "பெரியவன் எப்ப வர்றான்னு கேளு" என்றார். மகன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாங்கள் எப்போதும் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது, அவளுக்கு அவசரம் கிடையாது. நான் தப்புப் பட்டனை அமுக்கிவிட்டு விழிக்கும்போதெல்லாம், "டீச்சர் நெறையப் படிச்சவங்க, அதான் இதப் படிக்காம அமுக்கறாங்க" என்பாள். இரண்டு மாதம் பேசாமலும் இருந்திருக்கிறோம். பேச்சை மறுபடி தொடங்கியது ஒவ்வொரு முறையும் அவள்தான்.

கடைசி மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தபோதே அவளுக்கு உடம்பு முடியவில்லை. வயிற்றில் கட்டி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. "கை நடுங்குது டீச்சர். இன்னிக்கி நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். நான் என் போனில் தேரை எடுத்தேன். மறுவாரம் அவளை ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீடியோவை ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் பார்க்க வசதியாக நெட்டுக்குத்தாக வேண்டும் என்றார் கோயில் தலைவர். "கறுப்புப் பட்டை வேணாம் டீச்சர், சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றும் சொன்னார். நான் எல்லாத் துண்டுகளையும் வாட்ஸ்அப்பில் தனாவுக்கு அனுப்பி யோசனை கேட்டேன். படுக்கையிலிருந்து அவள் குரலில் பதில் வந்தது: "நெட்டுக்குத்தாப் போட்டா, அகலமா எடுத்தது ரெண்டு பக்கமும் போயிரும் டீச்சர். ஓரத்துல ஆளுங்க இருக்காங்க. வெட்டிறாதீங்க, என்ன?"

'சரி' என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு வெட்டினேன். தலைவர் தினம் இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார், திருத்த வேண்டிய தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன, தேர்தானே முக்கியம் என்றும் தோன்றியது. போனில் இடமில்லை என்று, எடுத்த மூலப் படங்களையும் அழித்துவிட்டேன். முடித்ததைத் தனாவுக்கு அனுப்பினேன். "நல்லா வந்திருக்கு டீச்சர். தேரு நெறைஞ்சி தெரியுது" என்று எழுதினாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் இறந்த பத்தாம் நாள் சேகர் என் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து தனாவின் போனையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். "போட்டோ நெறைய இருக்கு டீச்சர். அவ நடமாடறத ஒரு தடவ பாக்கணும்னு அத்தை அழுவுறாங்க" என்று மாமியாரைச் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும்தான்" என்றார்.

இத்தனை வருட வீடியோக்களையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றிலும் அவள் இல்லை. எங்கே போனாலும் படம் எடுக்கிற பக்கமே நின்றவள் அவள்தானே. "மாமா, துண்ட சரி பண்ணுங்க", "அக்கா, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க" என்று குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் சேகர் நிறுத்தச் சொல்லிவிட்டார். "கொரலு இருக்கு. ஆளக் காணோமே டீச்சர்" என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

அவர் போன பிறகு, வேறு வழி தெரியாமல் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசியாக எழுதிய பக்கத்தில் இருந்தது:

'தேர். டீச்சர் போன். 848 × 480. இடது ஓரம்: முனியம்மா அண்ணி. வலது ஓரம்: நான்.'

அவள் போனில் தேடினேன். நான் அனுப்பிய பிரதி அழியாமல் இருந்தது. அனுப்பும்போதே சிறுத்துப்போன படம். நடுவில் தேர். வலது ஓரத்தில், பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி, பச்சைச் சேலையில் தனா. ஒன்பது விநாடி. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு கையைத் தூக்கி, பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று காட்டுகிறாள். ஓரத்தில் இருப்பவர்களும் படத்துக்குள் விழவேண்டுமே என்ற கவலை. நான் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவள் படத்துக்குள் வந்தாள். அந்த ஒரு தடவையை நான் வெட்டி எறிந்திருக்கிறேன். சொன்ன பிறகும் வெட்டியிருக்கிறேன். நல்ல படத்தை அழித்தும் விட்டேன். அன்று நான் அழுத அழுகையைப் பற்றி எழுதப் போவதில்லை.

பதினாறாம் நாள் வீடியோவை நானே ஒட்டினேன். சொந்தக்காரர்கள், "அவள மட்டும் பெரிசாக்குங்க டீச்சர்" என்றார்கள். செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், முகம் கரைந்துபோனது. அதனால் வந்த அளவிலேயே, சுற்றிலும் கறுப்பாக விட்டு, திரையின் நடுவில் வைத்தேன். டேவானில் அந்த இடம் வந்ததும் சேகர் எழுந்தார். தன் நிழல் திரையில் விழுந்துவிடாமல் குனிந்தபடியே போய், வேட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தனாவின் அம்மாவை நான் கைப்பிடித்து அழைத்துப் போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கைய ஆட்டுறாளே, யாரப் பின்னால போவச் சொல்றா?"

"என்னத்தாம்மா" என்றேன்.

ஐந்து முறை அந்த ஒன்பது விநாடியை ஓடவிட்டோம்.

நோட்டுப் புத்தகத்தை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சேகர். அவள் விட்டுப்போன கல்யாண வீடியோவை, அவள் முறைப்படியே எழுதி, அளவெடுத்து, யாரையும் வெட்டாமல் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இனி வருவதையும் அப்படித்தான் செய்வேன். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

டேவானில் சொல்ல வாய் வராத ஒன்றை, அவளை அறிந்த உங்களிடம் சொல்லிவிடுகிறேன். 'வலது ஓரம்: நான்' என்பதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி இருக்கிறது. நான் முடித்து அனுப்பியதைப் பார்த்த பிறகு எழுதியிருக்க வேண்டும். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. இதுதான் அந்த வரி:

'நான் விட்டுப் போயிட்டேன். டீச்சர்கிட்ட சொல்ல வேணாம், வருத்தப்படுவாங்க.'

வருத்தமாகத்தான் இருக்கிறது, தனா.