வீட்டு ஆட்கள் முதலில் ஏறிய ஜீப்பு

கொரோனாவுக்குப் பிறகு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகள் பழையபடி ஓடத் தொடங்கிய வருடம் அது. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் எங்கள் சின்ன மகளோடு இருந்தோம். என் வீட்டுக்காரர் இன்னொருவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிடுவார். பொழுது சாயத் திரும்பக் கூட்டி வருவார். சொந்தமாக ஒரு ஜீப்பு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் போட்டார். "இது ஜீப்பா, கோழிக்கூடா?" என்று கேட்டேன். கோபமே வரவில்லை அவருக்கு. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் அதனடியில்தான் கிடப்பார். தாலி கட்டினது எனக்கு, குடும்பம் நடத்தினது அந்த ஜீப்போடு.

தரைத் தகட்டை அவரே வெட்டிப் பற்றவைத்தார். சீட்டுக்கு ரெக்சின் தைத்தார். என்ஜினைப் பிரித்துப் பூட்டினார். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற சாமானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதற்கு நியாயமும் இருந்தது. முன்பு ஓட்டிய ஜீப்பில் புதிதாக வாங்கிப் போட்ட பிரேக் சாமான் டூப்ளிகேட்டாக இருந்து, பாதி மலையில் காலை வாரியது. எப்படியோ பிழைத்து வந்தார். அதிலிருந்து 'தன் கையே தனக்குதவி' என்பதுதான் அவருக்கு வேதம்.

முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற நீளமான இரும்புத் தண்டு ஒன்று உண்டு. டை ராடு என்பார்கள். பழையது வளைந்து விரிசல் விட்டிருந்தது. அதைச் சூடுகாட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.

"இத ஒண்ணையாவது புதுசா வாங்கிப் போடுங்களேன்" என்றேன்.

"இது அந்தக் காலத்து இரும்பு புள்ள. இப்பக் கடையில விக்கிறது பூராம் தகரம். எவனோ செஞ்சத நம்புவ, நான் செஞ்சத நம்ப மாட்டியா?"

 நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தானே பிரித்துக் கட்டிய ஜீப்பில் தோட்டத்துப் பெண்கள் உடனே ஏற மாட்டார்கள். ஓட்டுபவர் முதலில் தன் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் போடிமெட்டு வரைக்கும் போய், தேங்காய் உடைத்து, இறங்கி வர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மறுநாள் ஏறுவார்கள். எதிர்வீட்டு அக்கா, "நீயும் பாப்பாவும் போயிட்டு வெரசா வந்துருங்க. நாளைக்கு நாங்க ஏறுறோம்" என்று சிரித்து வழியனுப்பினார்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மெட்டில் தேங்காய் உடைத்தோம், டீ குடித்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

இறங்கும்போது சாரல் பிடித்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில், அடியில் 'டங்' என்று சத்தம். அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார், ஜீப்பு திரும்பவில்லை. நேராகப் பள்ளத்துப் பக்கம் போய்த் தடுப்புச்சுவரில் மோதி நின்றது. சுவரில் பாதி சரிந்து, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. பிரேக்கை அழுத்தியபடியே அவர் மெதுவாகப் பேசினார்.

"பாப்பாவத் தூக்கிக்கிட்டுப் பின்னால எறங்கு."

"நீங்களும் வாங்க."

"கால எடுத்தா உருண்டுரும். எறங்கி டயருக்குக் கல்லு கொண்டா."

மகளை மலைப்பக்கம் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் ஒரு கல்லைப் புரட்டி எடுத்தேன். கல்லோடு திரும்புவதற்குள் மிச்சச் சுவரும் பெயர்ந்து ஜீப்பு கீழே போய்விட்டது. நாங்கள் இறங்கியதில் பின்பாரம் குறைந்துபோனதா, சுவர்தான் தாங்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் வந்த ஜீப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. வெல்டிங் வைத்த இடத்திலேயே ராடு ஒடிந்திருந்ததாக அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் துக்க வீட்டில் எதிர்வீட்டு அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "எங்க உசுரக் காப்பாத்திட்டுப் போயிட்டாகளே ஆத்தா. இன்னைக்கு நாங்கள்ல ஏறியிருக்கணும்" என்று அழுதார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனாலும் "நீங்க சோதிச்சுப் பாக்க என் புருசனும் புள்ளையுந்தான் கெடச்சாகளா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அந்த அக்கா எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது நானும் அந்த அக்காவோடுதான் தோட்ட வேலைக்குப் போகிறேன். சமீபத்தில் எங்கள் தெருவில் இன்னொருவர் பழைய ஜீப்பு ஒன்றைத் தானே கட்டி முடித்தார். வழக்கப்படி மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் முன்னால் போய் நின்று, "மொதல்ல ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டு வாங்கண்ணே. பெறகு இவுகள ஏத்துங்க" என்றேன்.

"கெளம்புற நேரத்துல நீயா குறுக்க வந்து நிக்கணும்?" என்றார் அவர். தாலி அறுத்தவள் எதிரே வந்தது அபசகுனம் என்பது அவர் எண்ணம். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு கிளம்பிப் போனார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். மறுநாள் எல்லாரும் அதில் ஏறினார்கள். அன்றைக்கு நான் மட்டும் பஸ்சில் போனேன்.

ஓட்டுபவர் ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் வீட்டு ஆட்களை முதலில் ஏற்றச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் கை வேலையை முழு மனசாக நம்பித்தான் எங்களை ஏற்றினார். அப்படி நம்பியவருடைய கையும் பிசகும் என்பதை அந்த வளைவில் கல்லோடு நின்று பார்த்தவள் நான். எந்த ஜீப்பில் ஏறினாலும் அதை மறக்க முடியாமல்தான் ஏறுகிறேன்.