அடுத்த திரை சார்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, டேப்லெட் வைத்து மொழிப்பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆறு வருடமாக வாய் கிழியப் பேசுகிறேன். பயிற்சியில் டீச்சர்களே குழந்தைகளாக நடிப்பார்கள். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வரும். நிஜக் குழந்தைகளுக்கு நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்வேனா? டீச்சர்கள் எனக்கு வைத்த பெயர் ‘அடுத்த திரை சார்’. ‘அடுத்த திரைக்குப் போகலாமா?’ என்று மூச்சுக்கு மூச்சு நான் கேட்பதால். வீட்டிலோ, டிவி ரிமோட்டை என் மனைவி என் கையில் கொடுப்பதே இல்லை.

ஒருநாள் பயிற்சி இடைவேளையில் இரண்டாம் வகுப்பு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், என் கிளாஸ்ல ஒரு பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குறா. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ படிக்கிறதை ஹெச்.எம். கேக்கணுமாம். இல்லேன்னா மூணாம் வகுப்பு கிடையாது. அவளுக்கு எல்லாம் தெரியும் சார்.”

“இவ்வளவுதானே? டேப்லெட்ல அவ குரலை ரெக்கார்டிங் பண்றோம்னு சொன்னா தானா பேசுவா. நாளைக்கு நானே வர்றேன்,” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

மறுநாள் முப்பது குழந்தைகள். டேப்லெட்டில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி அவளிடம் நீட்டினேன். மற்ற இருபத்தொன்பது பேரும் வழக்கம்போலக் கோரஸாகப் படித்துத் தள்ளினார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், சட்டை தொப்பலாக நனைந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓட, தண்ணீர் குடிக்கும் சாக்கில் நானும் ஓடினேன். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

சற்று நேரத்தில் டீச்சர் என்னைத் தலைமையாசிரியர் அறைக்கு இழுத்துப்போனார். வகுப்பில் நான் விட்டுவந்த டேப்லெட்டை அங்கே போட்டுக் காட்டினார். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல், காலி பெஞ்சுகளுக்கு வகுப்பு எடுத்தது:

“எல்லாருக்கும் புரிஞ்சுதா? அடுத்த திரைக்குப் போகலாமா?”

அச்சு அசல் என் இழுவை. அதற்கப்புறம், வாயே திறக்காத அந்தப் பெண் பாடம் முழுவதையும் ஒரு தடங்கல் இல்லாமல் படித்தாள். தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கியபடியே, “மூணாம் வகுப்புக்குப் போகட்டும்,” என்று கையெழுத்துப் போட்டார்.

அசடு வழிய எழுந்தேன். டீச்சர் விடவில்லை. “இன்னும் கொஞ்சம் இருக்கு சார்.”

“சாருக்கு ரொம்ப வேர்த்துடுச்சு,” என்றது குரல். “நாளைக்கு வந்தா யாரும் சிரிக்கக் கூடாது.”

கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மறுநாளும் போனேன். வகுப்பே சிரித்தது. முதலில் கேட்டது அவள் சிரிப்புதான்.