ஏணி ஏறினால் வெளிநாடு

என் சித்தப்பா இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவர் ஒரு மாதம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவிர, தினமும் காலையில் வெளிநாடு போய் சாயங்காலம் திரும்பி வந்திருக்கிறார் என்று அவருடைய தொலைபேசி நிறுவனம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதற்கு ஒரு பில்லும் அனுப்பியது. அதை வாங்கிப் பார்த்த சித்தி கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, இது உங்க போன் நம்பரா, கட்ட வேண்டிய தொகையா?"

சித்தப்பாவுக்கு டவர் கிரேன் ஓட்டுகிற வேலை. ஆற்றங்கரையில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேலே, ஒரு குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, கம்பியையும் கலவையையும் தூக்கித் தூக்கி வைப்பார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடும் மேலேதான். சைட்டில் எல்லோரும் அவரை 'மேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில்கூட ஒருமுறை அப்படியே அச்சாகி வந்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. கீழே நின்று பார்த்தால் வெறும் மரங்கள்தான் தெரியும். கேபினிலிருந்து பார்த்தால் தெருக்கள், பஸ் நிலையம், மொட்டை மாடிகளில் காயும் துணி என்று எல்லாமே தெரியும். அவருடைய போனுக்கும் அதே கதைதான். இந்தக் கரை செல்போன் டவர்களெல்லாம் தரையில் நடமாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்தில் ஒரு மனிதன் இருப்பான் என்று அவை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கரை டவர்தான் பெருந்தன்மையோடு அவரை அணைத்துக்கொண்டது. தினமும் காலையில் 'எங்கள் நாட்டுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று குறுஞ்செய்தி வரும். ஏதோ சுற்றுலாக் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார் சித்தப்பா. "காலங்காத்தால எனக்கு வணக்கம் சொல்ற ஒரே ஆளு அதுதான்" என்று பின்னால் சொன்னார்.

பில் வந்த அன்று நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். சித்தி காலில் கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து, ஒரு மாதமாக வீட்டோடு கிடந்தார்.

"சார், நீங்க வெளிநாட்டுல இருந்தப்ப டேட்டா பயன்படுத்தியிருக்கீங்க" என்றாள் சேவை மையத்துப் பெண், பாலில் சர்க்கரை போட்ட குரலில்.

"நான் எங்கயும் போகலையேம்மா."

"சிஸ்டத்துல போனதாதான் சார் காட்டுது."

"மேலதான்மா போனேன்."

"மேலன்னா எந்த நாடு சார்?"

சித்தி வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டார்.

"சரி சார், உங்க பாஸ்போர்ட் நகல அனுப்புங்க. அதுல வெளிநாட்டு முத்திரை இல்லன்னா பரிசீலனை பண்றோம்."

"பாஸ்போர்ட்டே கிடையாதும்மா."

"சார், பாஸ்போர்ட் இல்லாமலா வெளிநாடு போயிட்டு வந்தீங்க?"

ஐந்து நிமிடத்தில் கடன்காரனாக இருந்தவர் குற்றவாளியாகவும் ஆனார். கடைசியில் அவள் மனமிரங்கி ஒரு வழி சொன்னாள்: அந்த நேரத்தில் இவர் எங்கே வேலை செய்தார் என்று வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் போதும்.

இவ்வளவுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கிரேன் ஏணிக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. 'கேபினுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. மீறினால் பணிநீக்கம்.' சிவப்பு எழுத்து. கீழே சைட் இன்ஜினியரின் கையெழுத்து. போனோடு மாட்டினால் வேலை போகும், கிரேன் லைசென்ஸும் போகும். கேபினில் போன் இருந்தது என்று சொன்னால் சித்தப்பாவின் சீட்டு காலி. சொல்லாவிட்டால் பாக்கெட் காலி. எந்தப் பக்கம் விழலாம் என்பது அவர் விருப்பம்!

சரி, போன் ஏன் மேலே போனது? கீழே கை காட்டுகிறவருக்கும் மேலே இருக்கிறவருக்கும் பேச்சுவார்த்தை நடப்பது வாக்கி-டாக்கியில். ஒரு மழையில் அது நனைந்து உயிரை விட்டது. இன்ஜினியர் புதிதுக்கு எழுதிப் போட்டார். தலைமை அலுவலகம் மூன்று கடைகளில் விலை கேட்டு அனுப்பச் சொன்னது. அதுவரைக்கும் கட்டடம் காத்திருக்குமா? "போன எடுத்துட்டு மேல போ மேகம், யாரு பார்க்கப் போறா" என்றவர் அதே இன்ஜினியர். மேலே சிக்னல் சரியாக வரவில்லை என்றதும் போனை வாங்கி, உள்ளே இருந்த எல்லாப் பொத்தானையும் 'ஆன்' பக்கம் தள்ளிக் கொடுத்தவரும் அவரே. வெளிநாட்டு டவரிலும் போனை ஓட விடுகிற ரோமிங்கும் அதில் ஒன்று. அப்புறம் நாள் முழுக்க வரைபடம், வீடியோ, 'இப்படி இல்ல, அப்படி' என்று இன்னொரு வீடியோ.

கடிதம் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"நானா சொன்னேன்? போர்டுல என்ன எழுதியிருக்கு, படிச்சியா?"

"உங்க கையெழுத்துதான் சார் இருக்கு."

"அதான் சொல்றேன். நானே கையெழுத்துப் போட்டுட்டு நானே போன் எடுத்துட்டுப் போன்னு சொல்லுவேனா?"

ஆனாலும் இன்ஜினியர் நல்ல மனிதர், வெறுங்கையோடு அனுப்பவில்லை. 'மேற்படியார் அந்த மாதம் முழுவதும் தரையில் பணிபுரிந்தார்' என்று ஒரு கடிதம் கொடுத்தார். கிரேன் ஓட்டுகிறவர் ஒரு மாதம் தரையில்! கிரேன் தானாகவே ஓடியதோ என்னவோ. சேவை மையம் அதைப் படித்துவிட்டு, 'தரையில் அயல்நாட்டு சிக்னல் கிடைக்காது, ஆகவே நீங்கள் அயல்நாட்டில்தான் இருந்திருக்கிறீர்கள்' என்று பதில் போட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஏங்க, அதுல பாதி நான்தானே?"

"எதுல?"

"பில்லுலதான். மத்தியானம் மத்தியானம் வீடியோல கூப்பிட்டு அந்தக் கரைய காட்டுனீங்கல்ல. நான்தான் போதும்னு சொல்லாம அந்தத் தெருவ காட்டு, இந்தத் தெருவ காட்டுன்னு உயிர வாங்கினேன்."

நடந்தது இதுதான். சாப்பாட்டு நேரத்தில் கிரேனை நிறுத்தி, பூட்டிவிட்டு, டிபன் டப்பாவை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, எழுந்து நடக்க முடியாத மனைவிக்கு அடுத்த நாட்டைக் காட்டியிருக்கிறார் இந்த மனிதர். அங்கே மஞ்சள் கதவு வைத்த ஒரு மாடி வீடு. ஒரு அம்மா தினமும் வந்து போர்வையை உதறிக் காயப்போடுவாராம். அந்த அம்மாவுக்குச் சித்தி ஒரு பெயரே வைத்திருந்தார். ஒருநாள் அவர் வரவில்லை என்று கவலைப்பட்டும் இருக்கிறார்.

"நான் சொல்லிடறேன், எனக்காகத்தான் வீடியோ போட்டாருன்னு."

"நீ பேசாம சாப்பிடு" என்றார் சித்தப்பா. "கேட்டா நான்தான் பார்த்தேன்னு சொல்லிக்கறேன். எனக்கும் அந்தப் போர்வை பிடிக்கும்."

ஒரு பில்லுக்கு நிறுவனம், அலுவலகம், இன்ஜினியர், சிஸ்டம் என்று அத்தனை பேரும் 'நான் இல்லை, நான் இல்லை' என்று ஓடிக்கொண்டிருந்த ஊரில், 'நான்தான்' என்று முன்னால் வந்தது காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆள்.

மறுநாள் காலை சித்தப்பா பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்தார். போனை அணைத்து, ஏணிக்குக் கீழே தலைக்கவசங்கள் மாட்டும் ஆணியில் ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டார். மேலே ஏறினார். உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வாக்கி-டாக்கி இல்லை. போனுக்கு அனுமதி இல்லை. கீழே இருக்கிறவர் பேசிச் சொல்லாமல் பாரம் தூக்கக் கூடாது என்பதும் விதி. விதிப்படி வேலை செய்கிற ஒரு மனிதனால் எவ்வளவு பெரிய சைட்டையும் நிறுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. கலவை லாரிகள் வரிசையில் நின்று உறும ஆரம்பித்தன. இன்ஜினியர் போனில் கூப்பிட்டார்; ஆணியில் தொங்கிய பை வாய் திறக்கவில்லை. கையை ஆட்டினார். மேலிருந்து சித்தப்பாவும் பாசமாகக் கையை ஆட்டினார்.

வேறு வழியில்லை. வாழ்நாளில் முதல்முறையாக இன்ஜினியர் அந்த ஏணியில் ஏறினார். பாதியிலேயே மூச்சு வாங்கியது. தலைமை அலுவலகத்தில் பெரியவரை வீடியோ அழைப்பில் பிடித்து, "பாருங்க சார், அந்தாளு வேணும்னே உட்கார்ந்திருக்கான்" என்று போனை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே ஏறியிருக்கிறார். அழைப்பு ஒரு நொடி உறைந்து, திரும்பத் தெளிவாக வந்தது. கேபின் வாசலை எட்டியபோது அவர் போன் 'டிங்' என்றது.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அன்புடன் வரவேற்கிறோமா சார்?"

இன்ஜினியர் திரையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். வீடியோவில் பெரியவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவசரமாக அதை அணைத்தார்.

"இது... கம்பெனி நம்பர்யா. பில்லு நேரா ஹெட் ஆபீஸுக்குப் போகும்."

"வேலை நேரத்துல வெளிநாட்டுல என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க சார்."

"நான் இங்கதான் இருந்தேன்னு நீ சொல்ல மாட்டியா?"

"தரையிலன்னு சொல்லவா, மேலன்னு சொல்லவா?"

இறங்கியதும் இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. ஒன்றில், வாக்கி-டாக்கி பழுதானதால் தன் உத்தரவின்பேரில்தான் மேகம் போனைக் கேபினில் வைத்திருந்தார் என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றில், இன்ஜினியர் வெளிநாட்டுக்கு ஓடவில்லை, கிரேன் ஏணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தார் என்று மேகம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விலைப்பட்டியல் எதுவும் இல்லாமல் சாயங்காலத்துக்குள் புது வாக்கி-டாக்கி வந்து சேர்ந்தது.

சித்தப்பாவின் சீட்டு தப்பியது. நிறுவனமும் பில்லை ரத்து செய்தது. தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: 'உங்கள் வெளிநாட்டுப் பயணம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?' சித்தப்பா நான்குதான் கொடுத்தார்.

இப்போது போன் கீழே ஆணியில்தான் தொங்குகிறது. மத்தியானம் வீடியோ கிடையாது. சித்தியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். போன வாரம் இரண்டு பேரும் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். படகில் அந்தக் கரைக்குப் போய் மஞ்சள் கதவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். சித்தி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறார்.

"போன் வீட்டுலதான் இருக்கணும். அது ஏற்கெனவே போயிட்டு வந்துருச்சு."